பிடிவாதக்காரி குடித்த பெட்ரோல்

என் தங்கை தொமித்திலா வென்றெடுத்தவை இவை. ஐந்து வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அந்தக் காலாலேயே கிளட்சை மிதித்து ஓட்டக் கற்றது முதலாவது. அடுத்தது ஓட்டுநர் உரிமம். அது மூன்றாவது முறைதான் கிடைத்தது, முதல் இரண்டு முறையும் அவள் நடையைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறவே விடவில்லை. பிறகு, ஆண்கள் மட்டுமே நின்ற எங்கள் ஊர் டாக்சி நிறுத்தத்தில் ஓர் இடம். அறுபத்தாறாம் வருடத்து வெள்ளை வோச்சோ ஒன்றின் ஸ்டீயரிங். மேல்தெரு நாய்களின் மரியாதை. ஒரு விரற்கடை பெட்ரோலைப் பற்றிய வழக்கு. கடைசியாக, அவளுடைய பெயர்.

கடைசி இரண்டைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மற்றவற்றை எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிலர் கொஞ்சம் கூட்டியும் சொல்வார்கள். நான் கூட்டாமல் சொல்கிறேன்.

எங்கள் ஊர் சான் க்ரிஸ்பின், ஒரு மலைச்சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. இங்கே ஓர் எலுமிச்சம்பழம் கை நழுவினால் அதை ஆற்றங்கரையில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். ஊரில் சமதரை என்று சொல்ல தேவாலய முற்றம் ஒன்றுதான் உண்டு. அதுவும் பாறையை வெட்டி உண்டாக்கியது. பள்ளிக்கூடம் மேல்தெருவுக்கும் மேலே, படிகளின் உச்சியில். நான் நான்கு வகுப்பு வரை ஏறினேன். தொமிக்கு அந்தப் படிகள் ஆகவில்லை. அதனால் அவள் எழுத்து படிக்கவில்லை. அம்மாவோடு சந்தையில் உட்கார்ந்தாள், அம்மாவுக்குப் பிறகு என்னோடு உட்கார்ந்தாள். நிறுத்தத்துக்கு எதிரே, நீரூற்றின் பக்கத்தில், வியாழக்கிழமைதோறும் நான் பச்சைப் பொசோலே விற்கிறேன். பெரிய வெள்ளை மக்காச்சோளமும் பன்றிக்கறியும் பூசணி விதையும் சேர்ந்த குழம்பு. எங்கள் பக்கத்தில் வியாழக்கிழமை வேறு எதையும் யாரும் தின்பதில்லை.

நிறுத்தத்தில் நிற்பதெல்லாம் வெள்ளை வோச்சோதான். வண்டு போன்ற சின்னக் கார், இன்ஜின் பின்னால், பெட்ரோல் தொட்டி முன்னால். எங்கள் சந்துகளில் திரும்பக் கூடிய கார் வேறு கிடையாது. முன் இருக்கையைக் கழற்றிவிட்டு, ஓட்டுகிறவர் உட்கார்ந்தபடியே கதவை இழுத்துச் சாத்த ஒரு கயிறு கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு காருக்கும் பின் கண்ணாடியில் ஒரு பெயர் இருக்கும். பெரியவர் தோன் ஃபிதென்சியோவின் காருக்கு 'பிடிவாதக்காரி' என்று பெயர். இறந்துபோன மனைவியை நினைத்து வைத்தது என்று அவரே சொல்வார்.

தோன் ஃபிதென்சியோவுக்கு முழங்கால் போய்விட்டது. காலையில் ஓட்ட அவருடைய மருமகன் முறையான ராமிரோ இருந்தான். மாலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். ஒரு வியாழக்கிழமை அவர் கிண்ணத்தோடு நிற்கும்போது தொமி சொன்னாள்:

"பெரியவரே, உங்க வண்டி பச்சையா குடிக்குது."

"என்ன குடிக்குது?"

"பெட்ரோலை எரிக்காம குடிக்குது. போகும்போது வாசனை அடிக்குதே, தெரியல? மத்த வண்டிங்க போனா எனக்குப் பொசோலே வாசனைதான் வரும். உங்க வண்டி போனா பொசோலேயே மறந்துபோகுது."

அவர் மெக்கானிக்கிடம் காட்டினார். கார்புரேட்டரில் கோளாறுதான். மறுவாரம் வந்து, "பொண்ணே, உனக்கு ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. ஆனால் தெரியும் என்று சொல்லிவிட்டாள். பிறகு ஆற்றங்கரை மணலில் கற்றுக்கொண்டாள்.

அவள் ஓட்டுவதை நான் பின் இருக்கையில் இருந்து பார்த்திருக்கிறேன். வலது காலில் செருப்பு இருக்காது. ஆக்சிலேட்டரை வெறும் பாதத்தால் தொடுவாள். கொதிக்கிறதா என்று பார்க்கப் பால் சட்டியைத் தொடுவோமே, அப்படி. இடது கால் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்பதால் கிளட்சை அவள் அடிக்கடி மிதிக்க முடியாது. அதனால் இன்ஜினின் சத்தத்தைக் காதால் பிடித்து, அது தானாக இளகும் நொடியில் கியரைத் தள்ளுவாள். பல் உரசும் சத்தமே கேட்காது. மேட்டில் நின்றால் மறுபடி கிளம்பக் கால் வேண்டும், ஆகவே நிற்காமல் போக வழி பார்ப்பாள். மூன்று வளைவுக்கு அப்பால் கழுதை வருகிறதா, பால்காரன் நிற்கிறானா என்பதெல்லாம் எப்படியோ அவளுக்கு முன்கூட்டியே தெரியும். வளைவுக்கு முன் ஒரு முறை ஹாரன் அடிப்பாள். மேல்தெரு நாய்கள் எழுந்து ஓரமாகப் போகும். மற்ற டிரைவர்களுக்காக அவை எழுந்ததே இல்லை. கீழ்ப் பாலத்திலிருந்து மலையுச்சியில் இருக்கும் கல்வாரிச் சிலுவை வரைக்கும் ஒரே மூச்சில் அந்தக் கார் ஏறும்போது எனக்கு அது ஏறுவதாகவே தோன்றாது. யாரோ மேலே இருந்து நூல் கட்டி இழுப்பது போல இருக்கும்.

நிறுத்தத்தில் அவளுக்கு 'நத்தை' என்று பெயர் வைத்தார்கள்.

"நத்தை, இன்னிக்கு மேல போய்ச் சேருவியா, இல்ல பயணிக்குக் கட்டில் போடவா?" என்பான் காந்திதோ.

"சேர்ந்துட்டு திரும்பியும் வருவேன் மாமா. நீங்க அதுக்குள்ள பெட்ரோல் பங்குக்கு ரெண்டு தடவை போயிருப்பீங்க" என்பாள் இவள்.

அது உண்மைதான். கால் சரியில்லாததால் வந்த பழக்கம், காரின் தாகத்தைக் குறைத்துவிட்டது. ஆனால் எவ்வளவு குறைந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அவளால் இருக்க முடியவில்லை. பிடிவாதக்காரியின் பெட்ரோல் முள் நான் பார்த்த நாளிலிருந்தே செத்துக் கிடந்தது. நிறுத்தத்தில் எல்லாக் காரிலும் அப்படித்தான். எல்லோரும் துடைப்பக் கழியில் கோடு வெட்டி வைத்திருந்தார்கள். முன் மூடியைத் திறந்து தொட்டிக்குள் விட்டு எடுத்தால் எத்தனை விரற்கடை நனைந்திருக்கிறதோ அத்தனை பெட்ரோல். அது தொட்டியில் என்ன இருக்கிறது என்றுதான் சொல்லும். கார் எவ்வளவு குடிக்கிறது என்று சொல்லாது. தொமி என்னிடம் ஒரு கைப்பிடி சோள மணி கேட்டாள்.

"எதுக்குடி?"

"கணக்குக்கு."

ஒரு முறை கல்வாரிக்கு ஏறினால் ஒரு மணியைச் சாம்பல் கிண்ணத்தில் போடுவாள். காலையில் ராமிரோ ஏறியதை அவனிடமே கேட்டு அதற்கும் போடுவாள். பாதி ஏற்றமென்றால் மணியைப் பல்லால் கடித்து அரைமணி போடுவாள். பயணி தடிமனாக இருந்தால், பன்றியோ சிமெண்டோ ஏற்றினால், அதற்கு ஒரு பூசணி விதை சேர்ப்பாள். தொட்டியை வாய்வரை நிரப்பும் நாளில் மணிகளை எண்ணி, பங்கில் எத்தனை லிட்டர் ஊற்றினார்கள் என்று கேட்டு, விரல்களை மடக்கி மடக்கி லிட்டருக்கு இத்தனை ஏற்றம் என்று கண்டுபிடிப்பாள். பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பாள். எழுதி வைக்கவே இல்லை. மழைக்காலத்தில் எவ்வளவு, டயரில் காற்று இறங்கினால் எவ்வளவு, பிளக் அழுக்கானால் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்வாள். எண் எழுதத் தெரியாத பெண், ஒரு மலையை முழுசாகத் தலைக்குள் நிறுத்து வைத்திருந்தாள். சில நாள் சமைத்துக்கொண்டிருக்கும்போது அதை நினைத்து நான் கரண்டியை மறந்து நின்றிருக்கிறேன்.

இப்படி ஏழு வருடம் போயிற்று. தொண்ணூற்றாறாம் வருடம் ஈஸ்டர் முடிந்ததும் இரண்டு காரியம் நடந்தன. தோன் ஃபிதென்சியோ, "எனக்கு மகள் வீட்டுக்குப் போற காலம் வந்துடுச்சு. கிறிஸ்தோபர் திருநாள் அன்னிக்கு வண்டியையும் நிறுத்தத்துல என் இடத்தையும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பேருக்கு எழுதிக் குடுத்துடறேன்" என்றார். புனித கிறிஸ்தோபர் டிரைவர்களின் காவலர். ஜூலை இருபத்தைந்தாம் தேதி எல்லாக் காரையும் பூவால் மூடித் தேவாலய முற்றத்தில் மந்திரிப்பார்கள். இரண்டாவது, அதுவரை இரவில் பிடிவாதக்காரி தூங்கிய கொட்டகை விற்றுப்போனது. தேவாலயத்தை ஒட்டி இருந்த கொட்டகை அது. அன்றிலிருந்து கார் பெரியவரின் வாசலிலேயே, சந்தில், சுவரை உரசிக்கொண்டு தூங்கியது.

எங்கள் நிறுத்தத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு காரை இரண்டு பேர் ஓட்டினால், வாங்கிய மட்டத்திலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். மதியம் ராமிரோ நீரூற்றின் பக்கத்தில் காரை நிறுத்திக் குச்சியை விடுவான். நான்கு விரற்கடை. தொமி அதைப் பார்த்து வாங்குவாள். வேலை முடிந்து அவளும் நீரூற்றின் பக்கத்தில் விளக்கு வெளிச்சத்தில் குச்சியை விட்டு, நான்கு விரற்கடை இருக்கிறது என்று பார்த்துவிட்டு, காரை எங்கள் வீட்டுச் சந்து வழியாக மெல்ல உருட்டிப் பெரியவர் வாசலில் விட்டுவிட்டு வருவாள். வாசலில் விளக்கு கிடையாது. காலையில் ராமிரோ அங்கேயே குச்சியை விடுவான்.

மூன்று விரற்கடை.

முதல் நாள் அவன் பேசவில்லை. இரண்டாம் நாளும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து நிறுத்தத்தில் எல்லோர் முன்னாலும் பேசினான்.

"தொமி அக்கா, நான் ஒண்ணும் சொல்லல. குச்சி சொல்லுது."

"என்ன சொல்லுது?"

"தினம் ஒரு விரற்கடை காணோம்னு சொல்லுது."

"நான் நாலுல விட்டேன் ராமிரோ."

"நீங்க நாலுல விட்டீங்க. நான் மூணுல எடுத்தேன். நடுவுல இருக்கறது உங்க வீட்டுச் சந்துதான்."

காந்திதோ சிரித்தான். "நத்தைக்குக் கூட தாகம் எடுக்கும்டா." அவனோடு சேர்ந்து வேறு சிலரும் சிரித்தார்கள். அபுந்தியோ சிரிக்கவில்லை. காந்திதோ சிரித்தால் அவன் சிரிப்பதில்லை. அவர்கள் இருவரும் ஒரே காரைப் பங்கு போட்டு ஓட்டுகிற சம்பந்திகள். பெட்ரோல் திருட்டு என்று சண்டை போட்டுக்கொண்டு மூன்று வருடமாகப் பேச்சில்லை. சாவியைக் கூட என் பொசோலே மேசையில் வைத்துத்தான் கைமாற்றினார்கள்.

"இன்னொண்ணு தெரியுமா?" ராமிரோ விடவில்லை. "என் கையில இந்த வண்டி குடிக்கறதே இல்ல. மூணுல எடுக்கறேன், கொஞ்சம் ஊத்தறேன், மதியம் பாத்தா நாலுல நிக்குது. ஓட்டுறவன் கை அப்படி."

தொமி காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்று முழுவதும் யோசனையாகவே இருந்தாள். பயணி இறங்கின பிறகும் மீட்டர் பார்க்கிற மாதிரி சாம்பல் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் அவளை நேராகக் கேட்கவில்லை. என்னிடம் வந்தார். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் நின்றார்.

"மெலி, உன் தங்கை கஷ்டம் ஏதாவது...?"

"கஷ்டமா இருந்தா என்கிட்ட சோளம் கேப்பா. உங்க தொட்டியில கை வைக்க மாட்டா."

"நம்பறேன். ஆனா ராமிரோ என் அக்கா மகனுக்கு மச்சான். குச்சியையும் நான் என் கண்ணால பாத்தேன். திருநாளுக்குள்ள இது தெளியலன்னா, சாவிய நான் அவனுக்குத்தான் குடுக்கணும். ஊர் என்ன பேசும்?"

தொமிக்கு இது தெரிந்தபோது அவள் அழவில்லை. அந்த ஸ்டீயரிங் போனால் அவளுக்கு மிஞ்சுவது என் பொசோலே மேசையின் ஓரமும் வீட்டு வாசலும்தான். நாற்பது அடி நடப்பதற்குள் உட்கார வேண்டிய காலை வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் வேறு எங்கே போவாள்? அந்தக் காரில்தான் அவள் கல்வாரியை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தாள். முப்பது வருடம் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த சிலுவை அது.

"அக்கா, களவு போயிருந்தா சோளம் குறையணும்" என்றாள்.

"எனக்குப் புரியல."

"தினம் ஒரு விரற்கடை யாரோ எடுத்தா, நிரப்புறப்ப அதையும் சேத்து ஊத்தணும். லிட்டருக்கு ஏத்தம் குறைஞ்சு தெரியும். குறையல. ஈஸ்டருக்கு முன்னாடி என்னவோ, இப்பவும் அதே. பெட்ரோல் எங்கயும் போகல அக்கா. உள்ளயே இருக்குது. ஆனா காணோம்."

உள்ளேயே இருக்கிறது, ஆனால் காணோம். எனக்கு அது ஜபம் மாதிரி கேட்டது.

விடை என் சட்டியில் கிடந்தது. திருநாளுக்கு முந்தின வியாழக்கிழமை. எங்கள் ஊரில் எந்தச் சட்டியை வைத்தாலும் பள்ளத்துப் பக்கம் ஒரு கல்லை முட்டுக் கொடுத்துத்தான் வைப்போம். அன்று கல் நழுவிவிட்டது, நான் கவனிக்கவில்லை. அபுந்தியோ மேட்டுப் பக்கமாக வந்து எட்டிப் பார்த்தான்.

"என்ன மெலி அக்கா, சட்டி காலியா? வியாழக்கிழமைய நம்பி வெறும் வயித்தோட வந்தேன்."

"உனக்குக் கண்ணு போச்சா? பாதிச் சட்டி இருக்கு."

"அடி தெரியுது இங்க!"

"இந்தப் பக்கம் வந்து பாரு. வழியப் போகுது."

நான் கல்லை எடுத்து வைக்கக் குனிந்தேன். தொமி என் கையைப் பிடித்தாள்.

"வைக்காத அக்கா. அப்படியே இரு."

கரண்டியை வாங்கி மேட்டுப் பக்கம் செங்குத்தாக விட்டாள். எடுத்துப் பார்த்தாள். துடைத்தாள். பள்ளத்துப் பக்கம் விட்டாள். எடுத்துப் பார்த்தாள். பிறகு கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு நிறுத்தத்துக்குப் போய், வரிசையாக நின்ற கார்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வந்தாள். எந்தச் சக்கரம் மேட்டில் இருக்கிறது, எது பள்ளத்தில் இருக்கிறது என்று பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தைப் பார்த்து எனக்குப் பயமே வந்துவிட்டது. அவ்வளவு அமைதியாக இருந்தாள்.

"தொட்டி வாய் நடுவுல இல்ல அக்கா. இடது ஓரத்துல இருக்கு. நீரூத்துகிட்ட நிறுத்துனா இடது சக்கரம் பள்ளத்துல. பெரியவர் வாசல்ல நிறுத்துனா இடது சக்கரம் மேட்டுல."

"அடிப் பாவி! இப்பவே போய்ச் சொல்லு!"

"இப்ப சொன்னா, திருடி சாக்கு சொல்றாம்பாங்க. அவங்க கையாலயே அவங்க குச்சிய விடட்டும்."

ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு வாரமும் அவள் காதுபட 'நத்தைக்குத் தாகம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த வருடம் திருநாளும் வியாழக்கிழமையிலேயே வந்தது. நான் சட்டியைத் தேவாலய முற்றத்துக்கே கொண்டுபோய்விட்டேன். அங்கே கல் தேவையில்லை. கார்களெல்லாம் காகிதப் பூவும் பலூனுமாக வரிசையாக நின்றன. பாதர் எவரார்தோ துளசிக் கொத்தை வாளியில் முக்கி முக்கித் தெளித்துக்கொண்டே போனார். பேண்டு வாசித்து ஓய்ந்தது. தோன் ஃபிதென்சியோ சாவியைக் கையில் எடுத்தார். ராமிரோ சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"பெரியவரே" என்றாள் தொமி. "சாவிய யாருக்கு வேணா குடுங்க. அதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை குச்சிய விட்டுப் பாத்துடலாம். ராமிரோவே விடட்டும்."

"எதுக்குக்கா இப்ப?" என்றான் ராமிரோ.

"பயமா தம்பி?"

அதற்கு மேல் அவன் எப்படி மறுப்பான்? முன் மூடியைத் திறந்து குச்சியை விட்டு எடுத்தான். மூன்றரை விரற்கடை. எல்லோரும் பார்த்தார்கள்.

"சரி. இப்ப யாரும் இன்ஜினைப் போட வேணாம். கையாலயே தள்ளி, பெரியவர் வாசலுக்குக் கொண்டுபோவோம்."

திருநாள் மயக்கத்தில் எல்லோரும் சந்தோஷமாகத் தள்ளினார்கள். இறக்கம்தான், பிடித்து நிறுத்துவதுதான் பெரும்பாடு. பேண்டும் பின்னாலேயே வந்தது. வாசலில், சுவரை உரசி, எப்போதும் நிற்கும் இடத்தில் நிறுத்தினார்கள். தொமி கிட்டேயே போகவில்லை, எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். ராமிரோ குச்சியை விட்டான்.

மூன்று.

அவன் துடைத்துவிட்டு மறுபடி விட்டான். மூன்றுதான்.

"யாரு குடிச்சா?" என்று கேட்டாள் தொமி. "இத்தனை பேர் கை இதும்மேல இருந்துச்சு. யார் சட்டையிலாவது பெட்ரோல் வாடை வருதா பாருங்க."

ஆளுக்கு ஆள் சட்டையை முகர்ந்து பார்த்தார்கள். டிரம்பெட்காரன்கூட வாத்தியத்தை இறக்கிவிட்டான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. நீரூத்து வரைக்கும்."

இந்த முறை யாரும் சிரிக்காமல் தள்ளினார்கள். நீரூற்றின் பக்கத்தில் வழக்கமான இடத்தில் நிறுத்தினார்கள். ராமிரோ குச்சியை விட்டான். குச்சியை எடுத்து வெயிலில் காட்டினான். நனைந்த கோடு நான்கில் இருந்தது.

அந்த முகங்களை எனக்கு எழுதத் தெரியவில்லை. அத்தனை டிரைவர்கள், பூ மாலை போட்ட கழுத்தோடு, ஒரு துடைப்பக் கழியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டு ஊற்றாமல், ஒரு சொட்டு எடுக்காமல், அவர்கள் கண் முன்னாலேயே பெட்ரோல் குறைந்தது, பிறகு வளர்ந்தது. கிழவர்கள் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார்கள். எனக்குக் காரணம் முன்பே தெரியும். இருந்தும் என் கையும் தானாகச் சிலுவைக் குறி போட்டது. பாதர் எவரார்தோதான் முதலில் பேசினார்: "அஞ்சு அப்பம், ரெண்டு மீன் படிச்சிருக்கேன். இதை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

"அற்புதம் இல்ல பாதர்" என்றாள் தொமி. "சரிவு. தேவாலய முற்றத்துல மட்டும்தான் குச்சி உண்மை பேசுது. இங்க கூட்டிச் சொல்லுது, அங்க குறைச்சுச் சொல்லுது. ராமிரோ, ராத்திரி என் கையில காணாமப் போற விரற்கடையும், காலையில உன் கையில மிச்சமாகுற விரற்கடையும் ஒண்ணுதான்."

ராமிரோ குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் கெட்டவன் இல்லை. காது மடல் சிவந்தது.

"அப்ப... என் கை விசேஷம்னு..."

"சரிவோட விசேஷம் தம்பி."

அப்போதுதான் சிரிப்பு வெடித்தது. ஆனால் காந்திதோ சிரிக்கவில்லை. அவன் தன் காரிடம் ஓடினான். அபுந்தியோவும் பின்னாலேயே ஓடினான். இரண்டு பேரும் காரைத் தள்ளி அவன் வீட்டு வாசலில் ஒரு முறை, இவன் வீட்டு வாசலில் ஒரு முறை என்று குச்சியை விட்டார்கள். என்ன பார்த்தார்களோ, திரும்பி வரும்போது ஒருவன் தோளில் ஒருவன் கை போட்டுக்கொண்டு வந்தார்கள். அன்று மாலை முழுவதும் ஊரில் எல்லாக் காரும் கையால் தள்ளப்பட்டுக்கொண்டே இருந்தது.

பெரியவர் நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்தார். "ஒரு கேள்வி ராமிரோ. தொட்டி நிறைய ஊத்துனா பிடிவாதக்காரி எத்தனை தடவை கல்வாரி ஏறுவா?"

"நிக்கிற வரைக்கும் ஏறுவா மாமா" என்றான் அவன் உண்மையாகவே.

"நீ சொல்லு பொண்ணே."

தொமி சொன்னாள். கோடையில் எத்தனை, மழையில் எத்தனை, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றினால் எத்தனை, ராமிரோ ஓட்டினால் எத்தனை, தான் ஓட்டினால் எத்தனை, பிப்ரவரியில் அவர் பிளக்கை மாற்றிய வாரம் எத்தனை கூடியது என்று நிறுத்தாமல் சொன்னாள். கடைசியில் சாம்பல் கிண்ணத்தை எடுத்து வந்து அதில் சேர்ந்திருந்த மணிகளை அவர் உள்ளங்கையில் கொட்டினாள். அவர் அந்த மணிகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கார் ஏழு வருடம் குடித்ததெல்லாம் என் சோளத்தில் இருந்தது, அவருக்குத்தான் தெரியாமல் இருந்தது.

"என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு கவனிச்சதில்ல" என்று சொல்லிவிட்டு, மணிகளை ஒரு கையில் மூடிக்கொண்டு, மற்றக் கையால் சாவியை அவளிடம் நீட்டினார்.

"காலை ஷிப்ட் உனக்குத்தான்டா" என்றாள் தொமி ராமிரோவிடம். "ஆனா கைமாத்தறது இனிமே தேவாலய முற்றத்துல."

இன்றைக்கு வரைக்கும் எங்கள் நிறுத்தத்தில் கார் கைமாறுவது அங்கேதான்.

கார் பெயர் மாற்றப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று பெரியவர் சொன்னார். அங்கே கையெழுத்துப் போட வேண்டும். உரிமத்துக்கு அவள் பெருவிரலைத்தான் வைத்திருந்தாள். "இதுக்கு விரல் வேணாம் அக்கா" என்றாள். வேறு விளக்கம் சொல்லவில்லை. நான் டார்ட்டியா என்கிற சோள ரொட்டியைச் சுற்றுகிற காகிதத்தில் அவள் பெயரைக் கரியால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவள் அந்தக் கோடுகளின் மேல் சோள மணிகளை அடுக்கினாள். பிறகு காகிதத்தை உருவிவிட்டு வெறும் மேசையில் அடுக்கினாள். பிறகு மணியில்லாமல் விரலால். ஒவ்வொரு எழுத்திலும் எங்கே வளைவு, எங்கே ஏற்றம், எங்கே இறக்கம் என்று பார்த்துப் பார்த்து, எந்த இடத்திலும் தயங்கி நிற்காமல் போகப் பழகினாள்.

அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர், பழைய காகிதத்தில் விரல் ரேகையைப் பார்த்துவிட்டு, மைப் பெட்டியைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். நல்ல மனிதர், உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

"பெருவிரலை இங்க வைங்கம்மா."

"மையை மூடிடுங்க சார், காஞ்சுடும். பேனா குடுங்க."

பேனாவை வாங்கினாள். மேட்டில் பின்னால் எடுக்கும்போது செய்வது போல நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டாள். மேசைக்குக் கீழே வலது காலிலிருந்து செருப்பைக் கழற்றினாள், நான் பார்த்தேன். பெரியவர் தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை பேனாவைத் தூக்காமல், ஒரே மூச்சில், கல்வாரிக்கு ஏறுவது போல எழுதி முடித்தாள்.

தொமித்திலா ஆர்க்கோஸ் வில்யால்வா. வெள்ளிக்கிழமை, ஆகஸ்டு 9, 1996.